அணையாடையின் உறிஞ்சும் ஆற்றலும் குழந்தையின் தோலும்



கைக்குழந்தை உள்ள வீடுகளில் இக்காலத்தில் அடிக்கடி எழுகின்ற வினா ஒன்று உண்டு. "அணையாடை தொட்டுப் பார்த்தால் உலர்ந்துதானே இருக்கின்றது; அதற்குள் கழற்றி எறிவது வீண்செலவு அல்லவா?" என்பதே அவ்வினா. பேச்சு வழக்கிலே நாம் 'பம்பர்ஸ்' என்று பொதுப்பெயராகவே வழங்கிவருகின்ற கடை அணையாடைகளின் பொதிகள் பலவற்றில், 12 மணித்தியாலம் வரை உலர்ந்திருக்கும் என்ற வாசகத்தைக் காண்கின்றோம். அவ்வாசகத்தையும் பொதியின் விலையையும் ஒருசேர நோக்கும் இளந்தாய்க்கு இவ்வையம் தோன்றுவது இயல்பே. இவ்வாரம் அதனைச் சிறிது விரிவாக ஆராய்வோம்.

விடையின் சாரத்தை முதலிலேயே கூறிவிடுதல் நன்று. பொதியிலே சொல்லப்படும் 12 மணித்தியாலம், அணையாடை எவ்வளவு நேரம் ஒழுகாதிருக்கும் என்பதைக் குறிப்பது. குழந்தையின் தோல் எவ்வளவு நேரம் பொறுத்திருக்கும் என்பது வேறு கணக்கு. குழந்தை போதிய பால் குடிக்கின்றதா, நோயுற்ற வேளையில் அதன் உடலிலே நீர் வற்றுகின்றதா என்பது இன்னொரு கணக்கு. இம் மூன்று கணக்குகளையும் ஒன்றெனக் கொள்வதனாலேயே தவறு நேர்கின்றது.

துணி உறிஞ்சும் விதமும் பொடி உறிஞ்சும் விதமும்

பருத்தித் துணியானது தன் நூலிழைகளுக்கு இடையேயுள்ள நுண்ணிய இடைவெளிகளிலே நீரை ஏற்றுக்கொள்கின்றது. அவ்விடைவெளிகள் நிரம்பிய பின்னர் அதனால் மேலும் கொள்ள முடியாது. அன்றியும், குழந்தை அதன்மேல் அமர்ந்தாலோ அழுத்திப் படுத்தாலோ, உட்சென்ற நீரின் ஒரு பகுதி பிழியப்பட்டு மீண்டும் தோலை நனைக்கும். புதிய பருத்தித் துணி எளிதில் நீரை ஏற்பதில்லை. பருத்தி இழையிலே இயற்கையாக அமைந்துள்ள மெழுகுப் பொருளே அதற்குக் காரணம். துவைக்கத் துவைக்க அது நீங்கி, துணி மென்மையடைந்து, நன்றாக உறிஞ்சத் தொடங்குகின்றது. எங்கள் ஆச்சிமார் புதுத்துணியை விடுத்து, நாட்பட்ட வேட்டியையும் பருத்திச் சேலையையும் கிழித்துக் குழந்தைக்குக் கட்டியதற்குச் சிக்கனம் மட்டுமே காரணமன்று என்பது இதனாற் புலப்படும்.

துணிக்கு மேலே நீர் புகாத உறை ஒன்று வேண்டும் என்ற எண்ணம், 1946ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் மரியன் டொனவன் என்னும் தாய்க்கு உதித்தது. குளியலறைத் திரையொன்றை வெட்டித் தையற் பொறியிலே தைத்து அவர் தமது முதலாவது உறையை ஆக்கினார்; 1951இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். 1961இல் புரொக்டர் அன்ட் கம்பிள் நிறுவனம் 'பம்பர்ஸ்' என்ற பெயரில், ஒருமுறை பயன்படுத்தி எறியும் அணையாடையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அக்காலத்து அணையாடைகளின் உள்ளே இருந்தது மரக்கூழிலிருந்து ஆக்கிய பொருளே. ஆகவே, அழுத்தினால் நீரைக் கக்கும் குறை அவற்றிலும் இருந்தது.

பெரிய மாற்றம் 1980களிலே நிகழ்ந்தது. சோடியம் பொலிஅக்ரிலேற்று என்னும் வெண்ணிறப் பொடியை அணையாடையின் நடுவிலே சேர்க்கத் தொடங்கினர். இப்பொடி நீரைக் கண்டதும் பருத்துக் கூழாகி, நீரைத் தன்னுள்ளே பிடித்துக்கொள்ளும். அழுத்தினாலும் எளிதில் விடாது. வடித்தெடுத்த தூய நீராயின் தன் எடையைப்போல் ஏறக்குறைய 300 மடங்கு வரை ஏற்கவல்லது. ஆனால் சிறுநீரோ உப்புக் கலந்தது. உப்பு இப்பொடியின் ஆற்றலைப் பெரிதும் குறைத்துவிடுவதால், சிறுநீரை அது ஏறக்குறைய 30 மடங்கே ஏற்கும். பயன்படுத்தாத அணையாடை ஒன்றிலிருந்து சிறிது பொடியைக் கோப்பையிலிட்டு நீர் வார்த்துப் பாருங்கள். அது கூழான பின்னர் ஒரு கரண்டி உப்பைத் தூவினால், கூழ் இளகி நீர் பிரிந்து வருவதைக் கண்ணாற் காணலாம். பிள்ளைகளின் கைக்கு எட்டாதபடி இதனைச் செய்து பார்த்து, பின்னர் கழிவுக் கூடையில் இட்டுவிடுக.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஓர் அணையாடையிலே இப்பொடி 10 கிராம் அளவில் இருப்பதாகக் கொண்டால், அது 300 மில்லிலீற்றர் சிறுநீரை ஏற்கும். நலமாயிருக்கும் கைக்குழந்தை, தன் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிலீற்றர் சிறுநீர் கழிக்கும் என்று கொள்ளலாம். 5 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இது மணித்தியாலத்துக்கு 10 மில்லிலீற்றர்; 12 மணித்தியாலத்துக்கு 120 மில்லிலீற்றர். ஆகவே 12 மணித்தியாலம் ஒழுகாது என்ற கூற்றிலே பொய் இல்லை. பாயும் மெத்தையும் நனையாமற் காக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. அடுத்ததாக நாம் நோக்கவேண்டியது தோலை.

தோலுக்கு நேர்வது யாது?

நலமான தோலின் மேற்பரப்பு சிறிதளவு அமிலத்தன்மை உடையது. அவ்வமிலத்தன்மையே கிருமிகளைத் தடுக்கும் முதலாவது வேலி. முன்னாளிலே, சிறுநீரிலிருந்து உண்டாகும் அமோனியா தோலை நேராகச் சுடுவதனாலேயே புண் உண்டாகின்றது என்று கருதினர். பின்னர் நிகழ்ந்த ஆராய்ச்சிகள் இதனை இன்னும் நுட்பமாக விளக்கியுள்ளன. மலத்திலுள்ள பற்றீரியாக்கள் சிறுநீரிலுள்ள யூரியாவை அமோனியாவாக மாற்றுகின்றன. அமோனியாவினால் தோலின் அமிலத்தன்மை குறைந்து காரத்தன்மை மிகுகின்றது. அக்காரச் சூழலிலே, புரதத்தையும் கொழுப்பையும் செரிக்கச் செய்வதற்காகக் குடலிலே சுரந்து மலத்தோடு வெளிவந்த நொதியங்கள் முன்னிலும் வீறுகொள்கின்றன. உணவைச் செரிக்கவேண்டிய அவை, குழந்தையின் மென்மையான தோலையே அரிக்கத் தொடங்குகின்றன.

சிறுநீரும் மலமும் ஒன்றுசேர்ந்து தோலிலே தங்கியிருப்பதே பெருந்தீங்கு என்பது இதனால் விளங்கும். அணையாடையின் பொடி சிறுநீரைப் பிடித்துவைக்குமேயன்றி மலத்தை ஏற்காது. அது தோலோடு ஒட்டியே கிடக்கும். இப்பொடி வந்தபின் பழைய அணையாடைகளால் உண்டான தோல் நோவு குறைந்தது என்பது உண்மையே. ஆயினும், எத்துணை விலையுயர்ந்த அணையாடையாயினும் மலத்தின் முன்னே அது வெறுஞ்சீலைக்கு ஒப்பானதே. அத்தோடு, எங்கள் நாட்டு வெப்பத்திலே மூடிக் கட்டிய இடம் வியர்த்துப் புழுங்கும். ஈரத்தில் ஊறிய தோல் மெலிந்து, சிறிய உராய்வினாலும் சிவந்துவிடும்.

எப்பொழுது மாற்றுவது?

மலங் கழித்த குழந்தைக்கு அணையாடையை உடனே மாற்றுதல் வேண்டும். இரவாயினும், பயணமாயினும், அணையாடை புதிதாகக் கட்டியதாயினும் இவ்விதிக்கு விலக்கு இல்லை.

சிறுநீர் மட்டுமாயின், பிறந்து சில வாரங்களேயான சிசுவுக்கு 2 அல்லது 3 மணித்தியாலத்துக்கு ஒருமுறையும், சில மாதங்கள் சென்ற பின்னர் 3 அல்லது 4 மணித்தியாலத்துக்கு ஒருமுறையும் மாற்றுதல் தகும். சீலைத்துணி கட்டியிருந்தால் நனைந்தவுடன் மாற்றவேண்டும். பால் குடிக்கும்போதோ குடித்து முடித்த சிறிது நேரத்திலோ குழந்தைகள் பெரும்பாலும் மலங் கழிக்கும். ஆகையால் பாலூட்டிய பின்னர் ஒருமுறை பார்த்தல் நல்ல வழக்கம்.

இரவிலே அயர்ந்து உறங்கும் குழந்தையைச் சிறுநீருக்காக எழுப்ப வேண்டியதில்லை. படுக்கவைக்குமுன் புதிய அணையாடை கட்டிவிட்டால் அது தாங்கும். பொதியிலே சொல்லிய உறிஞ்சும் ஆற்றலுக்கு உண்மையான பயன் இவ்விரவு வேளையிலேதான் கிடைக்கின்றது. குழந்தைக்குத் தோல் சிவந்திருக்குமாயின் இரவிலும் ஒருமுறை மாற்றுக.

சில அணையாடைகளின் வெளிப்புறத்திலே மஞ்சட் கோடு ஒன்று உண்டு. ஈரம் பட்டால் அது நீலமாக மாறும். முதல் முறை நனைந்தபோதே அது மாறிவிடும். ஆகையால் குழந்தை சிறுநீர் கழித்துவிட்டது என்பதை அறிய அக்கோடு உதவுமேயன்றி, எத்தனை முறை கழித்தது என்பதை அதனாற் கூற இயலாது.

மாற்றும்போது தோலிலே கண்ணாடி மணி போன்ற கூழ்த்துளிகள் சில ஒட்டியிருப்பதைக் கண்டு அஞ்சும் தாய்மார் உளர். அவை நீரை ஏற்றுப் பருத்த பொடியே, தீங்கற்றவை. நீரினாற் கழுவிவிடலாம். ஆயினும், அணையாடை அளவுக்கு மீறி நிரம்பிவிட்டது அல்லது உள்ளே கிழிந்துவிட்டது என்பதற்கு அவை அடையாளம் என்க.

எண்ணிக்கையின் அருமை

பேசத் தெரியாத குழந்தை தன் உடல்நிலையைத் தாய்க்கு அறிவிக்கும் வழிகளுள் சிறுநீரும் ஒன்று. பிறந்த முதல் நாள் ஒருமுறை, இரண்டாம் நாள் இருமுறை என்று பெருகி, ஐந்தாம் நாளுக்குப் பின்னர் 24 மணித்தியாலத்தில் 6 முறையேனும் நன்றாகச் சிறுநீர் கழிக்கும் குழந்தை போதிய தாய்ப்பால் பெறுகின்றது என்று கொள்ளலாம். "பால் போதவில்லைப் போலும்" என்று அயலார் கூறும் சொல்லைக் கேட்டு மாப்பாலை நாடுமுன், ஒரு நாள் முழுவதும் இவ்வெண்ணிக்கையைக் குறித்துப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று நாள்களிலே துணியிற் செங்கற்பொடி போன்ற கறை தோன்றுவதுண்டு. பால் நன்றாகச் சுரந்த பின்னும் அது மறையாதிருந்தால் மருத்துவமாதுக்குக் காட்டுக.

சீலைத்துணியிலே இவ்வெண்ணிக்கை தானே தெரியும். உறிஞ்சும் பொடியுள்ள அணையாடையிலோ மூன்று முறை கழித்ததும் ஒருமுறை கழித்ததும் கைக்கு ஒன்றுபோலவே உலர்ந்து தோன்றும். இதற்கு எளிய உபாயங்கள் உள. உலர்ந்த அணையாடை ஒன்றிலே மூன்று மேசைக்கரண்டி நீர் வார்த்துக் கையிலே தூக்கிப் பார்த்தால், நன்றாக ஒருமுறை நனைந்ததன் பாரம் எவ்வளவு என்பது பழகிவிடும். ஐயமுள்ள நாள்களில் அணையாடையின் உள்ளே சிறு சீலைத்துண்டு ஒன்றை வைத்துவிட்டால், நனைந்ததா இல்லையா என்பது உடனே தெரியும். ஆஸ்பத்திரிகளிலே தாதிமார் அணையாடையை நிறுத்து, உலர்ந்த எடையைக் கழித்து, எஞ்சிய ஒவ்வொரு கிராமையும் ஒரு மில்லிலீற்றர் சிறுநீராகக் கணக்கிடுவர். சமையலறைத் தராசு உள்ள வீட்டிலே தாயும் இதனைச் செய்யலாம்.

இதன் அருமை நோய் வேளையிலே தெரியும். வயிற்றோட்டம் கண்ட குழந்தையின் மலம் நீராகவே கழியும்போது, அணையாடை அந்நீரையும் உறிஞ்சிவிடும். பாரமான அணையாடையைக் கண்ட தாய், "பிள்ளை நன்றாகச் சிறுநீர் கழிக்கின்றது" என்று ஆறுதலடைவாள். குழந்தையின் உடலிலோ நீர் வற்றிக்கொண்டிருக்கும். ஆகவே வயிற்றோட்ட நாள்களிலே கடை அணையாடையை விடுத்துச் சீலை கட்டுதல் நன்று; அல்லது உள்ளே சீலைத்துண்டை வைத்து அடிக்கடி பார்த்தல் வேண்டும். தாய்ப்பாலை எக்காரணத்தாலும் நிறுத்தலாகாது. 'ஜீவனி' போன்ற உப்புக் கரைசலை எவ்வளவு கொடுப்பது என்பதை வைத்தியரிடம் கேட்டறிக.

டெங்குக் காய்ச்சலிலும் சிறுநீரின் அளவு முக்கியமானது. காய்ச்சல் தணிகின்ற வேளையிலேயே அந்நோயின் ஆபத்தான கட்டம் தொடங்கக்கூடும் என்பதை எம் நாட்டுத் தாய்மார் மறத்தலாகாது. எந்த நோயிலும், குழந்தை 6 மணித்தியாலமாகச் சிறுநீர் கழியாதிருந்தாலோ, வாய் உலர்ந்து, கண்கள் குழிந்து, உச்சிக்குழி பதிந்து, பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடந்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள். "கடைசியாக எப்பொழுது சிறுநீர் கழித்தது?" என்று வைத்தியர் வினவுவார். அதற்குத் திட்டமாக விடை கூறக்கூடிய தாய், மருத்துவத்திலே பாதி உதவியைச் செய்துவிட்டவளாவாள்.

செலவுக்கு வழி யாது?

அடிக்கடி மாற்றுவதாயின் செலவு கட்டுப்படியாகுமா என்பது நியாயமான கேள்வி. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே அணையாடை வாங்குவது எத்தனை குடும்பங்களுக்குப் பெரும்பாடாயிற்று என்பதை நாம் அறிவோம். ஒன்றை நாள் முழுவதும் கட்டிவைத்து மிச்சம் பிடித்த பணம், புண்ணுக்கு மருந்து வாங்குவதிலே சென்றுவிடும். பகலிலே வீட்டிலிருக்கும்போது சீலைத்துணியும், இரவிலும் பயணத்திலும் கடை அணையாடையும் என்று பகுத்துக்கொண்டால், தோலும் காக்கப்படும், பணமும் மிஞ்சும்.

இதற்கு மென்மையான பருத்தித் துண்டுகள் இரண்டு டசின் போதும். மலத்தை முதலில் மலசலகூடத்திலே நீக்கிவிட்டு, சவர்க்காரமிட்டுத் துவைத்து, சவர்க்காரம் முற்றாக நீங்கும்வரை பலமுறை அலசுக. எஞ்சிய சவர்க்காரமும் தோலை உறுத்தும். கஞ்சி இடவேண்டாம். துணியை மிருதுவாக்கும் வாசனைத் திரவங்களும் வேண்டாம். அவை இழையின்மேற் படிந்து உறிஞ்சும் ஆற்றலைக் குறைத்துவிடும். வெயிலிலே கொடியில் விரித்து நன்றாகக் காயவைத்தல் சாலச் சிறந்தது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையிலே துணி காயாதபோது, ஈரத்தோடு கட்டுவதிலும் பார்க்கக் கடை அணையாடையை நாடுவதே நலம்.

கடை அணையாடையை எறியுமுன் அதிலுள்ள மலத்தையும் மலசலகூடத்திலே நீக்கிச் சுருட்டிக் கட்டுக. அணையாடையை மலசலகூடத்துக் குழியிலோ, வாய்க்காலிலோ, குளக்கரையிலோ எறிதல் தகாது. பொடி பருத்துக் குழாய்களை அடைத்துவிடும். ஒவ்வொரு முறையும் மாற்றிய பின்னர் சவர்க்காரமிட்டுக் கைகழுவ மறவாதீர்கள்.

தோல் சிவந்துவிட்டால்

குழந்தையின் பிட்டத்திலும் தொடையிலும் புடைத்த பகுதிகள் மட்டும் சிவந்து, மடிப்புகள் நலமாயிருந்தால், அது பெரும்பாலும் ஈரத்தாலும் மலத்தாலும் நேர்ந்த நோவு. வெதுவெதுப்பான நீரிலே நனைத்த பஞ்சினால் மெதுவாகக் கழுவி, துவாயினால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பெண்குழந்தையாயின் முன்னிருந்து பின்னாகத் துடைத்தல் வேண்டும். நாளுக்குப் பலமுறை சிறிது நேரம் அணையாடையின்றிக் காற்றுப்படக் கிடத்துங்கள். பின்னர் சிங்க் ஒக்சைட்டு கலந்த வெண்களிம்பைத் தடிப்பாகப் பூசுங்கள். அது தோலுக்கும் ஈரத்துக்கும் இடையே சுவராக நிற்கும். அடுத்த முறை களிம்பு முழுவதையும் உரஞ்சி எடுக்க முயலவேண்டாம். அழுக்குப் பட்டதை மட்டும் நீக்கி, மேலே பூசினாற் போதும்.

பவுடர் தூவுவது வேண்டாம். அதன் நுண்துகள் குழந்தையின் சுவாசத்திற் புகுந்து தீங்கு செய்யக்கூடும். மடிப்புகளின் உள்ளேயும் செக்கச் சிவந்து, சுற்றிலும் சிறுசிறு செம்புள்ளிகள் தோன்றினால் அது பூஞ்சணத்தால் வந்ததாகலாம். அதற்கு வேறு மருந்து வேண்டும். இவ்வேளையிலே மருந்துக்கடையிற் கேட்டு வாங்கும் கலப்புக் களிம்புகள் ஆபத்தானவை. அவற்றுட் பலவற்றிலே வீரியமான ஸ்டெரொயிட் உண்டு. மூடிக் கட்டிய இடத்திலே அது மிகுதியாக உடலிற் கலந்துவிடும். இரண்டு மூன்று நாளிற் குணம் காணாவிடினும், கொப்புளமோ சீழோ இரத்தக் கசிவோ காய்ச்சலோ இருந்தாலும் வைத்தியரிடம் காட்டுவதே முறை.

சகோதரிகளே, கடையிலே வாங்கும் பொருள் நல்லதாக இருக்கலாம், அதனை வெறுக்கவேண்டியதில்லை. ஆனால் குழந்தையைக் கவனிக்கும் கடமையை அதனிடம் ஒப்படைத்துவிடலாகாது. இன்றிலிருந்து அணையாடை மாற்றும் நேரத்தையும், அது நனைந்திருந்ததா, மலம் இருந்ததா என்பதையும் சிறு கடதாசியொன்றிற் குறித்து, குழந்தையின் படுக்கையருகே வைத்திருங்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அம்மம்மாவும் தகப்பனாரும் அதிலேயே குறித்து வரட்டும். நலமான நாள்களிலே அக்கடதாசி வெறும் வழக்கமாகத் தோன்றும். குழந்தை நோயுற்ற ஓர் இரவிலே, வைத்தியர் கேட்கும் முதற் கேள்விக்கு அதுவே விடை சொல்லும்.